ரத்தமும் வரட்டீயும்

வயித்துல புள்ள தங்கினா எங்க சேரிப் பொம்பளைகளுக்குச் சிவப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். டீயோடு முழுங்கினால் டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான், சேர்த்துப் போடக்கூடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பை ஏற்றிவிடும்.

இதைச் சொல்வாரில்லை. ரத்தம் ஏறலைன்னா "மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டியாடி?" என்ற ஏச்சுதான்.

விடியுமுன்னே நடவுக்குப் போகிறவளுக்கு வரட்டீதான் காலைக் கஞ்சி. அதையும் தனிக்கிளாசில் ஊற்றிய ஊர் இது. டீக்கு ஒரு மணி நேரம் தள்ளி, ராத்திரி படுக்கும்போது மாத்திரை போடலாம். அதை மரியாதையா சொல்லுங்க. கீரையும் முட்டையும் வாங்குற கூலியையும் கொடுங்க. வெறும் வயித்துல மாத்திரை மட்டும் என்ன செய்யும்?