ஐந்தரை மணி

செவ்வாய், இரவு

இன்றைக்கும் ஐந்தரைக்குத்தான் ஆரம்பித்தது. வெளிச்சம் மங்க மங்க அப்பாவுக்குப் பரபரப்பு ஏறிவிடுகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு, "கடைசி டிரிப் போயிடுச்சாம்மா? டிப்போவுல கணக்கு ஒப்படைக்கணுமே" என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டிமென்ஷியா வந்தவர்களுக்கு மாலையில் தடுமாற்றம் கூடுவது பலரிடமும் காண்பதுதான் என்றார் டாக்டர். எனக்கு நாலரைக்கே கழுத்து இறுகத் தொடங்குகிறது.

சின்னம்மா போனில், "எதையும் மனசுல போட்டுக்காதடி" என்றார். அன்பில்தான் சொல்கிறார். ஆனால் நானாக எதையும் போட்டுக்கொள்ளவில்லை. என்னைக் கேட்காமல் உடம்பு அதன்பாட்டுக்குச் செய்கிற வேலை இது.

வெள்ளி

அரிவாள்மனையில் கீறிய விரல் இன்னும் ஆறவில்லை. ரத்தத்தில் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. காயம் ஆறாததைப் பற்றித் தேடியபோது 1995இல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு கிடைத்தது. அமெரிக்காவின் ஓஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் குழுவினரும் செய்தது. மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்கள், அந்தப் பொறுப்பில்லாத, ஏறக்குறைய அதே வயதுப் பெண்கள் 13 பேர். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயத்தை ஆய்வுக்காக ஏற்படுத்தினார்கள். பராமரிக்கிற பெண்களுக்கு அது ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

என் விரலுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் படித்ததும் கண் கலங்கியது. எங்களைப் போன்றவர்களின் களைப்பை யாரோ மெனக்கெட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள்.

உடம்பு தானாகச் செய்கிற வேலை இதுதான்: ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். செரிமானம் போன்ற அவசரமில்லாத வேலைகள் பின்னுக்குத் தள்ளப்படும். மாடு முட்ட வந்தால் ஓடுவதற்கு நல்ல ஏற்பாடுதான். ஓடி முடித்ததும் எல்லாம் அடங்கவேண்டும். மாதக்கணக்கில் அடங்காமல் இருந்தால்தான் கேடு. 1936இல் மாண்ட்ரியலில் ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர் எலிகளிடம் கண்டது இது: குளிர், காயம், நஞ்சு என்று எது தாக்கினாலும் அட்ரினல் பெருத்தது, தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது.

ஞாயிறு

ஜே வைஸ் என்பவரின் சோதனை மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்குமுன் ஓர் ஒலி கேட்கும். அந்த எலிக்கு வயிற்றுப்புண் குறைவு. ஒலி கேட்காத நேரமெல்லாம் அதற்குப் பயமில்லாத நேரம். மற்றதற்கு எந்த நேரமும் பயம்தான். அந்த உயிர்களை வதைத்தது எனக்கு ஒப்பவில்லை. அவை பட்ட வலியில் கிடைத்த அறிவை வீணாக்கவும் மனமில்லை.

எனக்கும் ஒலி உண்டு: ஐந்தரை மணி. நாள் முழுவதும் நான் ஏன் அஞ்சவேண்டும்? இப்போது ஐந்துக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுகிறேன். டிவியில் செய்தி கிடையாது. டீயோடு சில்லறை டப்பாவையும் அப்பா முன்னால் வைக்கிறேன். எண்ணி அடுக்குகிறார். "கணக்கு சரியா இருக்குப்பா, ஒப்படைச்சாச்சு" என்றால் பெரும்பாலும் சட்டையைக் கழற்றிவிடுகிறார். அவரிடம் வாதாடுவதில்லை. பகல்பொழுது எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

புதன்

மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத்துடிப்பு தணிகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், அப்பா நடக்கும்போதே செய்கிறேன். கழுத்து இளகுகிறது. இந்த நோட்டில் எழுதுவதும் உதவுகிறது. ஆனால் கெட்டுப்போன தூக்கத்தை எந்த மூச்சுப்பயிற்சியும் ஈடுகட்டாது. மனஅழுத்தம் என்றாலே தியானம் செய், யோகா செய் என்று பாதிக்கப்பட்டவர் தலையிலேயே இன்னொரு வேலையைக் கட்டுகிறார்கள். பாரத்தில் பாதியை யார் வாங்கிக்கொள்வது என்ற பேச்சே வருவதில்லை.

இன்று 14416க்குப் போன் செய்தேன். டெலி மனாஸ், 2022இல் அரசு தொடங்கிய இலவசச் சேவை, தமிழிலேயே பேசலாம். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண், "உங்களுக்கு மாற்று ஆள் யாரும்மா?" என்றார். பதில் சொல்ல என்னிடம் பெயர் இல்லை. போனை வைத்ததும் சென்னைக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். "சொல்லுக்கா, என்ன செய்யணும்?" என்றான். மகள்தான் பார்க்கவேண்டும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை; எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

சனி, காலை

தம்பி வந்துவிட்டான். அவனுக்கு எழுதி வைத்தது:

ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான். ரசம் சூடா இருந்தா தொடமாட்டார். பாத்ரூம் வழுக்கும், கையைப் பிடிச்சுக்கோ. அஞ்சு மணிக்கே விளக்கைப் போட்டுடு. நான் நாளைக்கு ராத்திரிதான் வருவேன். மாசத்துல ரெண்டு சனி, ஞாயிறு உன்னோடது. தேதியை இப்பவே காலண்டர்ல குறிச்சு வை.