நண்டுக்குத் தெரிந்த சீனி

ஜூன் 11, புதன்

ஞாயிறன்று கிள்ளானில், அக்கா வீட்டருகே கோயில் மண்டபத்தில் இருபது நிமிடம் பேச வேண்டும். 'புற்றுநோயும் சீனியும்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டேன். அவசரம். மதியம் பிரிக்பீல்ட்ஸ் கோப்பிக் கடையில் தோழி கேட்டாள்: "அப்போ சீனி போடாத தே ஓ கோசோங் குடிச்சா புற்று வராதா?"

நான் சொல்ல வந்தது அந்தச் சீனி இல்லை. உயிரணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ரோமம்போல் நிற்கின்றன. புற்றாகும்போது சில சங்கிலிகள் குட்டையாகின்றன. சிலவற்றின் நுனி மாறுகிறது.

ஜூன் 12, வியாழன்

நாள் முழுக்க நண்டு பற்றிய வாசிப்பு. சர்க்கரைச் சங்கிலியின் நுனியைக் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம்தான் லெக்டின். நமக்கிருக்கும் ஆன்டிபாடி நண்டுக்குக் கிடையாது. அதன் ரத்தத்தில் லெக்டின் உண்டு. கலிபோர்னியாக் கரை நண்டு ஒன்றிலிருந்து ரவீந்திரநாத் குழுவினர் 1985இல் ஒரு லெக்டினைப் பிரித்தெடுத்தார்கள். சயாலிக் அமிலம் என்ற நுனிச் சர்க்கரையில் அசிட்டைல் தொகுதி ஏறியிருந்தால்தான் அது பிடிக்கும். மெலனோமா என்னும் தோல்புற்றில் ஜிடி3 என்ற கொழுப்புச் சர்க்கரை அப்படித்தான் மாறியிருக்கிறது; நண்டின் லெக்டின் அதை அடையாளம் காண்பதை 1988இல் காட்டினார்கள். அந்த ஆய்வுகளில் நண்டின் பெயர் கேன்சர் ஆன்டெனாரியஸ். லத்தீனில் கேன்சர் என்றாலே நண்டு! இதற்குக் கூட்டம் சிரிக்கும்.

ஜூன் 14, சனி

பேச்சில் நத்தையையும் சேர்த்தேன். ஹெலிக்ஸ் பொமாட்டியா நத்தையின் லெக்டின் ஒட்டும் மார்பகக் கட்டிகள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்க வாய்ப்பு அதிகம் என்று புரூக்ஸ், லேத்தம் இருவரும் 1991இல் லான்செட்டில் எழுதினார்கள். ஆனால் அதே லெக்டின் ஏ வகை ரத்த அணுக்களிலும் ஒட்டும். இதை மறைத்துப் பேசினால் பொய்யாகிவிடும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஓன் ஹாஷிம் குழுவினர் செம்பெடாக் விதை லெக்டினை வைத்துப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். அது விலங்கு இல்லை, பழம். ஆனாலும் நம் ஊர்ப் பழம். ஒரு நிமிடம் ஒதுக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளான். அக்கா வீட்டில் புலாவ் கெத்தாம் நண்டு. "உன் பேச்சுக்காகத்தான்டி வாங்கினேன்" என்றாள்.

மண்டபத்தில் ஓர் அம்மா எழுந்து, "இந்த நண்டு டெஸ்ட் எந்த ஆஸ்பத்திரில எடுக்கலாம்?" என்றார். இது ஆய்வுக்கூடக் கருவி, மார்பில் கட்டி தெரிந்தால் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும், மெமோகிராமுக்கு இது மாற்று ஆகாது என்றேன். சொன்னதிலேயே உருப்படியானது இதுதான்.

மெமோகிராமுக்கு ஐந்து பேர் பெயர் எழுதினார்கள். அக்கா எழுதவில்லை.