குப்பிக்குப் பின்னால் உள்ள கைகள்

என் உம்மாவுக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி போடுபவன் நான். அச்சிறு குப்பிக்குப் பின்னால் எத்தனை கைகள் உழைத்திருக்கும் என நான் எண்ணியதே இல்லை. 2025 செப்டம்பரில் டென்மார்க்கிலிருந்து வந்த செய்தியே எண்ண வைத்தது.

நோபல் பரிசு பெற்ற டேனிஷ் அறிஞர் ஆகஸ்ட் குரோக். மருத்துவரான அவருடைய மனைவி மரீ, நீரிழிவு நோயாளி. மனைவியின் தூண்டுதலால் 1922-இல் கனடாவின் டொரன்டோ நகருக்குச் சென்ற குரோக், இன்சுலின் தயாரிக்கும் அனுமதியுடன் நாடு திரும்பினார். அம்முயற்சியில் வேர்விட்டதே இன்றைய நோவோ நார்டிஸ்க் நிறுவனம்.

நீரிழிவுக்கான ஓசெம்பிக்கும் உடற்பருமனுக்கான வீகோவியும் உலகெங்கும் விற்பனையானபோது, அங்கு ஆட்கள் விரைந்து சேர்க்கப்பட்டனர். பின்னர்ப் போட்டி மிகுந்தது, வளர்ச்சி தளர்ந்தது. 78,400 பணியிடங்களில் ஏறத்தாழ 9,000 நீக்கப்படும் என்றும், அவற்றுள் சுமார் 5,000 டென்மார்க்கிலேயே என்றும் அறிவித்தனர். ஆண்டுக்கு 800 கோடி குரோனர் மிச்சமாகுமாம்.

நிறுவனம் நட்டத்தில் வீழ்ந்ததா? இல்லை. இலாபம் எதிர்பார்த்த வேகத்தில் பெருகவில்லை, அவ்வளவே!

வணிகத்தில் ஏற்ற இறக்கம் இயல்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், சிந்தித்துப் பாருங்கள். ஆட்களைச் சேர்க்கும்போது நிதானம் தவறியவர்கள் நிர்வாகத்தினர். அதற்கான விலையைக் கொடுப்பவர்களோ சேர்க்கப்பட்டவர்கள். இது முறைதானா?

ஒரு மனைவியின் நோயைக் கண்டு கலங்கிய உள்ளத்தில் பிறந்த நிறுவனம் அது. தன் உழைப்பாளியின் இல்லத்தையும் அது சற்றே எண்ணிப் பார்த்திருக்கலாகாதா?

இப்போதெல்லாம் ஊசியைக் கையில் எடுக்கும்போது, முகமறியா அந்த உழைப்பாளிகளும் என் நினைவில் வருகிறார்கள்.