மிதிக்கத் தெரிந்தால் போதாது

பிள்ளைகளே, கார் வாங்கக் கடன் கொடுக்க ஊருக்கு நாலு வங்கிகள் இருக்கின்றன. வாங்கிய காரை ஓட்டுவதற்கான செலவு மட்டும் மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். வண்டியின் விலையை ஒருமுறை பேசி முடித்துவிடுகிறோம். பெட்ரோலின் விலையையோ அந்த வண்டி நம்மிடம் இருக்கும் காலமெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2017 ஜூன் 16 முதல் பெட்ரோல் பங்கில் நாள்தோறும் விலை மாறும் ஏற்பாடு வந்தது. நம் பக்கத்தில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த விலையை நாம் மாற்ற முடியாது. எத்தனை லிட்டர் எரிக்கிறோம் என்பதை மாற்ற முடியும். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைக்கிறேன்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இராமநாதபுரத்தில் அம்பாசிடர் வாடகைக் கார் ஓட்டிய ஓர் அண்ணன். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் சில நாடுகளுக்கு எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் உலகச் சந்தையில் விலை நான்கு மடங்கானது. வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்த காலம் அது. அந்த நெருக்கடியில் தொழில் பழகியவர் அண்ணன். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது என்றிருந்த வண்டியை வைத்துக் குடும்பத்தைக் கரையேற்றினார். பரமக்குடிச் சாலையில் தொலைவில் ஆட்டுமந்தை தெரிந்ததுமே அவர் கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்துவிடும். வண்டி தானாக வேகம் குறைந்து அங்கே போய்ச் சேரும்போது மந்தை கடந்து போயிருக்கும். பிரேக்கைத் தொடவே மாட்டார்.

"மிதிக்கத் தெரிஞ்சவன் நூறு பேரு இருக்கான் தம்பி. காலை எடுக்கத் தெரிஞ்சவன் நாலு பேருதான்" என்பார்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிடச் சிறந்த பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பெட்ரோலை எரித்து வண்டிக்கு வேகம் கொடுக்கிறோம். பிரேக்கை மிதித்ததும் அந்த வேகம் முழுவதும் சூடாக மாறிச் சக்கரத்திலேயே கரைந்துபோகிறது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை எதிரில் பார்க்காமல் ஓட்டி வீணாக்குவதைவிட, பத்து நொடி முன்னால் கண்ணைச் செலுத்துவது மேல்.

அடுத்தது அவசரம். இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போனால் 55 நிமிடம். 90-இல் பறந்தால் 37 நிமிடம். காகிதத்தில் 18 நிமிடம் மிச்சம். ஆனால் வழியில் வரும் உச்சிப்புளியும் மண்டபமும் தங்கச்சிமடமும் அந்த மிச்சத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். செலவு மட்டும் திரும்ப வராது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-இல் வண்டியைப் பின்னுக்குத் தள்ளுகிற காற்று, 90-இல் இரண்டேகால் மடங்கு பலத்தோடு தள்ளும். பெட்ரோலியம் சேமிப்புக்கென்றே 1978-இல் ஏற்பட்ட மத்திய அரசின் அமைப்பான பி.சி.ஆர்.ஏ., மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்படி காலங்காலமாகச் சொல்லிவருகிறது. 1974 ஜனவரியில் பணக்கார அமெரிக்காவே நாடு முழுவதற்கும் 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று வேகத்துக்கு வரம்பு கட்டியது. உயிரைக் காக்க அல்ல, எண்ணெயைக் காக்கத்தான் அந்தச் சட்டம் முதலில் வந்தது.

கால் மணி நேரம் முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவனுக்கு மைலேஜ் தானாக வரும். தாமதமாகக் கிளம்புகிறவன் அந்தத் தாமதத்தையும் சேர்த்துப் பங்கில் விலை கொடுத்து வாங்குகிறான்.

நம் கரையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. அதைப் பாம்பன் மீனவர்களிடம்தான் கற்க வேண்டும். அரசு வரிவிலக்கோடு டீசல் கொடுத்தும், கடலுக்குப் போய்வரும் செலவில் பெரும்பங்கை அந்த டீசலே தின்றுவிடுகிறது. அதனால் வல்லத்தைத் தள்ளுவதற்கு முன் காற்றைப் பார்க்காத மீனவரை நான் கண்டதில்லை. "காத்தோட மல்லுக்கட்டுனா என்ஜினுக்குத்தான் தீனி" என்று ஒரு பெரியவர் சொன்னார். கார் ஓட்டுகிற நாம் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வதால் காற்றை மறந்துவிடுகிறோம். கணக்குப் பார்த்தால் புரியும். எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டரில் வீசும் நாளில், 60-இல் போகிற உங்கள் கார், காற்றைப் பொறுத்தவரை 90-இல் போகிறது. அதே இரண்டேகால் மடங்குத் தடை, வேகம் கூட்டாமலே வந்துவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது இராமேஸ்வரத்துக்குப் போகையில் காற்று பின்னால் நின்று தள்ளும், திரும்பி வருகையில் முகத்தில் அறையும். கார்த்திகை, மார்கழி வாடையில் இது தலைகீழாகும். காற்று எதிர்த்து வருகிற பக்கம் பத்துக் கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பொறுத்துப் போகிறவனிடம் காற்று அதிகம் பிடுங்குவதில்லை.

பாம்பன் பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப் பாலம், கீழே படகுகள் போவதற்காக நடுவில் உயர்ந்து இறங்குகிறது. அந்த இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பல இளைஞர்கள் நம்புகிறார்கள். கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை அது. இன்றைய வண்டிகளில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால், இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோலை எரித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். மிச்சமும் இல்லை, பக்கக்காற்று அடிக்கும் பாலத்தில் வண்டியின் மேல் பிடியும் இல்லை.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய ரயில் பாலம் திறந்தபின் அதைப் பார்க்க வருகிற கூட்டம் பெருகிவிட்டது. சாலைப் பாலத்தின் ஓரத்தில் காரை நிறுத்தி, ஏ.சி. ஓட, இன்ஜினும் ஓட, குடும்பமே இறங்கிப் படம் எடுக்கிறது. அங்கே நிறுத்துவதே ஆபத்து. அதோடு, ஏ.சி.யுடன் நின்றபடி ஓடும் கார் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறீர்கள் என்றால் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள்.

மிச்சம் ஓட்டுவதில் மட்டுமில்லை, வண்டியைப் பேணுவதிலும் உண்டு. டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். அளவு டிரைவர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும். கூரையில் கேரியர் இருந்தால் பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். சபரிமலைக்குப் போட்ட கேரியரை அடுத்த கார்த்திகை வரை சுமந்து திரிகிற வண்டிகளை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன்.

வண்டி குடிக்கிற அளவை நினைவில் வைக்காதீர்கள், நோட்டில் வையுங்கள். டேங்க்கை நிரப்பி மீட்டரைக் குறியுங்கள். மறுபடி நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்துவிடுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர், லிட்டருக்கு 15 கொடுத்த வண்டியை நிதானத்தால் 18-க்குக் கொண்டுவந்தால், மாதம் 11 லிட்டர் மிச்சம். ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரம் ரூபாய். ஒரு பிள்ளையின் புத்தகமும் சீருடையும் பள்ளி வேன் கட்டணத்தில் ஒரு பகுதியும் அதில் அடங்கும். நோட்டில் மைலேஜ் சற்றுக் குறைந்தால் உடனே மெக்கானிக்கைக் குறை சொல்ல வேண்டாம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் வருகிற இறக்கம் வேறு, ஏர் ஃபில்டர் அடைத்து வருகிற இறக்கம் வேறு. எது எது என்று பிரித்துக் காட்டுவது நோட்டுதான்.

பெட்ரோல் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று நினைக்கிற தலைமுறை நீங்கள். தனுஷ்கோடியிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது இலங்கையின் தலைமன்னார். 2022-இல் அந்த நாட்டில் பெட்ரோல் பங்குகளின் முன்னால் நாள்கணக்கில் வரிசை நின்றது. அந்த மார்ச்சில் கைக்குழந்தைகளோடு படகேறி நம் மணல்திட்டில் வந்திறங்கிய குடும்பங்களை இந்தக் கரை பார்த்தது. ஜூலையில் அங்கே கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தது. காருக்கு வாரம் 20 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த அளவுக்குள் வேலைக்கும் போனார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பினார்கள். தாங்கிக்கொண்டார்கள். வாரம் 20 லிட்டர்தான் என்று யாராவது உங்களுக்கும் விதித்தால் எந்தப் பயணத்தை விடுவீர்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். தெருமுனைக் கடைக்குக் காரில் போவதைத்தான் முதலில் விடுவீர்கள். சூடேறாத இன்ஜின் அதிகம் குடிப்பது அந்தக் குறுகிய ஓட்டங்களில்தான்.

ஒரு செலவில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். சித்திரை வெயிலில், அக்னி தீர்த்தத்தில் அமாவாசைக்கு நீராடிவிட்டு அம்மா பின்சீட்டில் சாய்ந்து வருகிறபோது, மைலேஜ் என்று சொல்லி ஏ.சி.யை அணைக்க வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்து அதை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளுங்கள்.