இ-வே பில்: முந்தி வந்த தேதி, படுத்துப்போன சர்வர்

இடையஞ்சாவடியில் ஒரு சின்ன மரச்சாமான் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பாண்டிச்சேரிக்குக் கிளம்பும் வண்டி சில கிலோமீட்டர் ஓடினாலே எல்லையைத் தாண்டிவிடும். திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் வண்டியோ எத்தனை மணி நேரம் ஓடினாலும் தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கும். 2018-ல் ஒரு மென்பொருளை எப்போது, யாருக்கு வெளியிடுவது என்பது இந்த வித்தியாசத்தில்தான் வந்து நின்றது.

மென்பொருளின் பெயர் இ-வே பில். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு வண்டியில் ஏறினால் இணையதளத்தில் விவரம் பதிந்து 12 இலக்க எண் வாங்க வேண்டும். எண் இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 10,000 ரூபாய் அபராதம், வண்டியையும் நிறுத்தி வைப்பார்கள். (மரக்காணத்து உப்பு லாரிக்கு இந்தத் தொல்லை இல்லை. உப்புக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை, இ-வே பில்லும் இல்லை!)

2017 அக்டோபரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் போட்ட திட்டம் நிதானமானது. ஜனவரியில் படிப்படியாகத் தொடங்கி, 2018 ஏப்ரல் 1-ல் நாடு முழுக்க. கர்நாடகத்தில் ஏற்கெனவே சோதனை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் வரி வசூல் இறங்கியது, ஏய்ப்பு நடக்கிறது என்ற பேச்சு எழுந்தது. டிசம்பர் 16 கூட்டத்தில் தேதியை பிப்ரவரி 1-க்கு இழுத்துவிட்டார்கள். வசூல் குறைந்தால் நிதியமைச்சர்களுக்கு அவசரம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த அவசரத்தால் எழுத வேண்டிய நிரலில் ஒரு வரிகூடக் குறையாதே? தேதி இரண்டு மாதம் முந்தியது, வேலை அப்படியே இருந்தது. ஆளைக் கூட்டியும் சமாளிக்க முடியாது. தாமதமான வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்.

ஜனவரி 16-ல் வெள்ளோட்டம் தொடங்கியது. அதை வைத்துத் தரத்தைக் கணித்ததில்தான் சிக்கல். வெள்ளோட்டத்தில் கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டவர்கள் வருவார்கள். கட்டாயமான முதல் நாள் காலையில் நாட்டிலுள்ள எல்லா குடோன்களும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். அப்படித்தான் ஆனது. பிப்ரவரி 1-ல் தளம் படுத்தது. லோடு ஏற்றிய வண்டிகள் எண்ணுக்காகக் காத்துக் கிடந்தன. அன்றைக்கே கட்டாயத்தை ஒத்திவைத்து, வெள்ளோட்டத்தை நீட்டித்தார்கள். விடாப்பிடியாக நிற்காமல் அதே நாளில் பின்வாங்கியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

மார்ச் 10-ல் போட்ட புதுத் திட்டத்தில் தேதி மட்டும் மாறவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும் ஏப்ரல் 1 (அது ஞாயிற்றுக்கிழமை, லோடு குறைவான நாள்). மாநிலத்துக்குள் போகும் சரக்குக்கு ஏப்ரல் 15-லிருந்து சில சில மாநிலங்களாக. முதல் தொகுதியில் ஆந்திரா, குஜராத், கேரளா, தெலுங்கானா, உத்தரப்பிரதேசம். கர்நாடகம் மட்டும் ஏப்ரல் 1-லேயே இரண்டையும் தொடங்கியது. ஒரு நாளைக்கு 75 லட்சம் பில் வரை தாங்கும் என்று ஜி.எஸ்.டி.என். தரப்பில் சொன்னார்கள். ஒரு தொகுதி சேர்ந்ததும் சர்வர் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சேர்க்கலாம். தமிழ்நாட்டின் முறை ஜூன் 2-ல் வந்தது, அதுவும் மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய் என்ற வரம்போடு.

ஆக, நம் பட்டறையின் பாண்டிச்சேரி வண்டிக்கு ஏப்ரலிலேயே பில் வேண்டும், சென்னை வண்டிக்கு இரண்டு மாத அவகாசம். வேடிக்கை என்னவென்றால், கடைசியில் நிலைத்த தேதி அக்டோபரில் முதலில் சொன்ன அதே ஏப்ரல் 1. இடையில் நடந்த அவசரத்துக்கு லாரிக்காரர்கள்தான் ஒரு நாள் விலை கொடுத்தார்கள்.

அடுத்து வந்த இ-இன்வாய்ஸில் ஆண்டு விற்றுமுதலை வைத்தே படி கட்டினார்கள். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் உள்ளவர்கள், 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50, பிறகு 20, 10. 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கியபோதும் இடையஞ்சாவடிப் பட்டறை அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை.