எப்பப் போற?

மல்லாங்கிணறு,
புரட்டாசி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

"விசா வர இன்னும் எத்தனை மாதம் என்று யாராவது ஒருவர் உறுதியாகச் சொன்னால் போதும், பல்லைக் கடித்துக்கொண்டு கழித்துவிடுவேன்" என்று எழுதியிருந்தாய். மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது படித்தேன். அதை மனசில் வைத்துக்கொண்டே இந்த ஊரில் சில வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில் காரியாபட்டி இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வந்தேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அதை வெட்டி அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போட்டிருக்கிற இடங்களில் புகை எழுகிறது. கண்மாய் வறண்டு கிடக்கிறது. உழுது போட்ட கரிசல் காடு வானம் பார்த்துக் கிடக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் இது. அவருக்கு 2018-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்த 'சஞ்சாரம்', ஊர் ஊராக அலையும் நாதஸ்வரக் கலைஞர்களின் கதை. புறப்பட்டுப் போகிறவர்களைப் பற்றி இந்த மண்ணிலிருந்து நிறைய எழுதியாகிவிட்டது. போனவருக்காக வீட்டில் இருக்கிறவர்களைப் பார்க்கத்தான் நான் வந்தேன்.

தங்கியிருப்பது சித்தி வீட்டில். சித்தி மகன், எனக்கு அண்ணன் முறை, சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். வொர்க் பெர்மிட்டில் போனவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அதற்கு மேல்நிலை பாஸ் வேண்டும், மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும். அண்ணனுக்கு அது எட்டாத தொகை. ஆகவே மதினிக்கு விசா வரிசை என்று ஒன்றே கிடையாது. அவரிடம்தான் முதலில் கேட்டேன், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று.

"எனக்கென்னத்தா, உங்க அண்ணன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வருவாக. வாரதும் தெரியும், போறதும் தெரியும். காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்" என்றார். வருத்தம் இல்லாமல் சொல்லவில்லை. மகள் சடங்குக்கு அண்ணன் வர முடியாததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் அவர் நடையில் ஒரு நிதானம் இருக்கிறது.

நாலு வீடு தள்ளி இருக்கிற பிள்ளைக்கு அந்த நிதானம் இல்லை. அவள் கதை அப்படியே உன் கதை. மாப்பிள்ளை டெக்சாஸில். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு கல்யாணம். கல்யாணம் முந்தி நடந்திருந்தால் அவருடைய விண்ணப்பத்தோடே அவள் பெயரும் போயிருக்கும். இப்போது அவர் அவளுக்காகத் தனியாக ஐ-130 மனுப் போட்டிருக்கிறார், கிரீன் கார்டுக்காரர்களின் மனைவி மக்களுக்கான எஃப்2ஏ வரிசையில் அவள் நிற்கிறாள். சுற்றுலா விசாவில் ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்றால், குடியேற விண்ணப்பித்தவள் திரும்பி வருவாளா என்று சந்தேகப்பட்டுப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அவர் இங்கே வந்து இருக்கலாமென்றால், ஆறு மாதத்தைத் தாண்டினால் விமான நிலையத்தில் கேள்வி, ஒரு வருடம் தாண்டினால் கார்டுக்கே ஆபத்து. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அதனால் அவர் ஐந்து வருடம் முடிந்து குடியுரிமை வாங்கினால் வரிசையே வேண்டாம். அது முந்துமா இது முந்துமா என்று இருவரும் ராத்திரி கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறார்கள். நீயும் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

அந்த வரிசை நகரும் விதத்தைப் பார். 2019 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை எஃப்2ஏ-வில் வரிசையே இல்லை, விண்ணப்பம் முடிந்தால் விசா. அந்த ஏப்ரலில் ஒரே அறிவிப்பில், 2020 செப்டம்பர் 8-க்கு முன்னால் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் என்று பின்னால் தள்ளினார்கள். நேற்றுவரை வாசலில் நின்றவர்கள் இரண்டரை வருடம் பின்னால் போய் நின்றார்கள். தூரத்தை மனம் தாங்கிக்கொள்ளும். கிட்டே வந்த தேதி பின்வாங்குவதைத் தாங்குவது அதைவிடக் கஷ்டம் என்பது இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், கல்யாண வாரத்திலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆறு மாதத்தில் போய்விடுவோமே என்று. சீர்ப் பாத்திரங்கள் கட்டுப் பிரிக்காமல் பரணில் இருந்தன. புது பீரோ வாங்கவில்லை. பி.எட். சேரவில்லை, பாதியில் போக வேண்டியிருக்குமே என்று. ரேஷன் கடையில், கோயிலில், பஸ்ஸில், பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எப்பப் போற?" கேட்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் கடைக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். பிரிவு அவளை வாட்டியது உண்மைதான். அதைவிட, எதையும் தொடங்காமலே கழிந்த நாட்கள் அவளை அதிகம் தின்றிருக்கின்றன.

அவள் மாமியாரோடு ஒரு நாள் காட்டுக்குப் போனேன். மழை இன்னும் இறங்கவில்லை, ஆனால் விதைப்பு நடக்கிறது. மானாவாரிக் கரிசலில் இப்படித்தான். வடகிழக்குப் பருவமழை வருமுன்பே காய்ந்த புழுதியில் சோளத்தையும் பருத்தியையும் போட்டுவிடுகிறார்கள். விதை இரண்டு அங்குலம் ஆழத்தில் விழ வேண்டுமாம். மேலாக விழுந்தால் ஒரு தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை தாமதித்தால் கருகிவிடும். ஆழத்தில் கிடந்தால் நல்ல மழை ஒன்று முழுசாக இறங்கின பிறகுதான் முளைக்கும். மழைக்குப் பிறகு விதைக்கலாமென்று நின்றால், ஈரக் கரிசல் காலில் அப்பிக்கொண்டு ஏரை விடாது. அது காய்வதற்குள் பருவத்தில் பாதி போய்விடும்.

அந்த அம்மாதான் மருமகளிடம் சொன்னாராம்: "மழை வரட்டும்னு வெதையக் கையில வச்சுக்கிட்டு நிக்க முடியுமாத்தா? போயி பி.எட்.டுக்கு எழுதிப் போடு." பிள்ளை சேர்ந்துவிட்டாள். "விசா வந்தா பாதியில விட்டுட்டுப் போவேன்க்கா, அதுவரைக்கும் படிச்சது படிச்சதுதானே" என்கிறாள். பரணிலிருந்து பாத்திரத்தையும் இறக்கியாகிவிட்டது.

நீ வங்கியில் பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, எழுதிக் கொடுக்காதே. வேறு ஊருக்கு மாற்றினால் போ. விசா வருகிற அன்று ராஜினாமா எழுத ஒரு மணி நேரம் போதும்.

தெருக் கடைசியில் ஓர் அப்பத்தா இருக்கிறார். எண்பது எப்போதோ கடந்துவிட்டது. கணவர் கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். இலங்கை 1948-ல் குடிவரவுச் சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகு பெர்மிட், அதைப் புதுப்பிக்க ஒவ்வொரு தடவையும் அலைச்சல். தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகும்வரை அதுதான் வழி. பெர்மிட்டை இனிப் புதுப்பிக்க மாட்டோம் என்று ஆன பிறகு அவர் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாத்தியார் ஒருவரிடம் சொல்லி எழுத வைப்பாராம். "வாத்தியாரு முன்னால என்னத்தச் சொல்ல? எல்லாரும் சவுக்கியம், மாடு கன்னு போட்டுருக்கு, மழை இல்ல. அம்புட்டுத்தான்." குழந்தை ஒன்று பிறந்து இறந்ததைக்கூட இரண்டு வரியில்தான் எழுத வைத்திருக்கிறார். "அவுக வந்து எறங்குனப்ப, யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருந்துச்சு. எம்புட்டு நாளோ ஆச்சு, சண்டை போடவே" என்றார். சண்டை போட முடிந்த நாளில்தான் புருஷன் வீட்டுக்கு வந்ததாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

இதைக் கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. உன் கணவர் வருத்தப்படுவார் என்று நீ ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்ததை மறைத்தாயே. உன் கையில் போன் இருக்கிறது, நடுவே வாத்தியார் இல்லை. காய்ச்சலையும் சொல், கோபத்தையும் சொல். நல்ல செய்தியை மட்டும் அனுப்பிக் கொண்டிருந்தால், கடைசியில் அங்கே போய் இறங்குகிற அன்று நீயும் விருந்தாளிதான்.

போன் பற்றி அந்தப் பிள்ளை சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஆரம்பத்தில் நாள் முழுக்க வீடியோ ஓடிக்கொண்டே இருக்குமாம், சமைக்கும்போதும் தூங்கும்போதும். பேச ஒன்றும் இல்லாமல் போய், "ஏன் பேசாம இருக்க" என்பதே சண்டையாகிவிட்டது. இப்போது காலை ஏழு மணி அவர்கள் நேரம், அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. அறையில் தனியாக, ஸ்பீக்கர் போடாமல், மாமியாரும் அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை. வார நாட்களில் விசா பேச்சே எடுப்பதில்லை என்று தீர்மானம். தாள்கள், பணம், வக்கீல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. வரிசைத் தேதியைச் சொல்லும் விசா புல்லட்டின் மாதத்துக்கு ஒன்றுதான் வருகிறது, அதை மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். நீ தினமும் மூன்று வாட்ஸப் குழுக்களில் அதையே படித்துக் கொண்டிருக்கிறாய். இரண்டிலிருந்தாவது விலகிவிடு, என் பேச்சைக் கேள்.

இவ்வளவும் நம் பக்கத்துச் சமாளிப்பு. ஆனால் முழுப் பாரத்தையும் பெண்கள் மனசின் மேல் ஏற்றி வைப்பது நியாயமில்லை என்று எனக்குத் திடமாகத் தோன்றுகிறது. பிரிவுக்கு ஓர் அளவு வேண்டும் என்பது நம் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தொல்காப்பியம் கற்பியலில் இதற்குக் கணக்கே கொடுக்கிறது: கல்விக்காகப் பிரிந்தால் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, அரசன் காரியமாகப் போனால் ஓராண்டுக்குள், மற்றப் பிரிவுகளுக்கும் அதே அளவு. இலக்கண நூல்தான், சட்டமில்லை. ஆனாலும் வீட்டில் இருப்பவளுக்கு ஒரு முடிவுநாள் உண்டு என்று அது ஏற்றுக்கொள்கிறது.

அமெரிக்காவும் ஒரு தடவை ஏற்றுக்கொண்டது என்பது உனக்குத் தெரியுமா? 2000-ஆம் ஆண்டில் 'வி' விசா என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். கிரீன் கார்டுக்காரரின் மனைவி மூன்று ஆண்டு காத்திருந்துவிட்டால், அங்கே போய்க் கணவனோடு இருந்துகொண்டே மீதி வரிசையில் நிற்கலாம். ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 21-க்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும். பிறகு யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. டென்மார்க்கில், தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்கள் மனைவியை அழைக்கவே மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. சிரியாவிலிருந்து போன ஒருவர் வழக்குப் போட்டார். ஒவ்வொருவர் நிலைமையையும் தனியாகப் பார்க்காமல் இப்படிக் காக்க வைப்பது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுவதாக 2021 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொல்காப்பியர் சொன்ன அதே மூன்று ஆண்டு. எந்த நாட்டுக்கும் எல்லாரையும் உள்ளே விடும் கடமை இல்லைதான். ஆனால் ஒரு நாள் குறித்துச் சொல்லும் கடமை உண்டு. முடியாது என்றாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். மதினியைப்போல வட்டம் போட்டுக்கொள்ள ஒரு காலண்டராவது கிடைக்கும்.

இனி வேலையைப் பார்ப்போம். உன் கல்யாணப் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம், அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். ஆனால் அதில் உன் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது என்றாய். இந்தப் பிள்ளைக்கும் அதே சிக்கல் வந்து, இரண்டும் ஒருவரே என்று எழுதிய அபிடவிட்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். இப்போதே செய்து வை. போலீஸ் சான்றிதழும் மருத்துவப் பரிசோதனையும் காலாவதியாகும், அதனால் அவற்றை இப்போதே எடுக்காதே. நேர்காணல் மும்பையில்தான், நான் கூட வருகிறேன்.

நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். உன் காலை ஏழு மணி, உன் கணவர் இருக்கும் நியூ ஜெர்சியில் இனி ஒன்பதரை இல்லை, எட்டரை. அவர் வேலை முடிந்து சாப்பிடும் நேரம். சாப்பிட்டுக்கொண்டே பேசலாம், அவரிடம் சொல்லி வை. பதவி உயர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டதும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் தோழி