கொடி வந்தது ரெண்டு நாள் கழித்து

போன வாரம் சோளக்காட்டுக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மும்முனை கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் மோட்டார் ரூம் பக்கத்திலேயே கயித்துக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் செல்போனை நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க."

ஒரு மலை ரோடு. சக்கரம் வைத்த பலகை மாதிரி ஒன்றில் ஒரு ஆள் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு இறக்கத்தில் பறந்து வருகிறார். ரோட்டில் லாரிகள் போகின்றன. ஓரிடத்தில் வழியை அடைத்துக்கொண்டு செம்மறி மந்தை. அதற்குள்ளும் புகுந்து போகிறார்.

"ஆட்டுக்காரன் கையில சிக்குனா தொலைஞ்சாருடா" என்றேன். பத்து உருப்படி ஆடு வைத்திருக்கிறவனுக்கு முதலில் அதுதானே தோணும்.

"ஆறு தடவ ஒலிம்பிக் போனவரு மாமா இவரு."

அவர் பெயர் சிவ கேசவன். மணாலி பக்கத்தில் வசிஷ்ட் என்ற ஊர்க்காரர். அப்பா கேரளா, அம்மா இத்தாலி. அவர் விளையாட்டுக்கு லூஜ் என்று பெயர். பனிக்கட்டியால் ஆன வாய்க்கால் மாதிரி ஒரு பாதையில், சின்னச் சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வர வேண்டும். பிரேக் கிடையாது. கெண்டைக்கால் அழுத்தத்திலும் தோள் அசைவிலும்தான் வண்டி திரும்பும். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொடும். இதற்கான பாதை நம் நாட்டில் இல்லாததால் சக்கரம் மாட்டி ரோட்டில் பழகியிருக்கிறார். 1998இல் ஜப்பானின் நாகனோ குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனபோது வயசு 16. இந்தியா சார்பில் போனது அவர் ஒருத்தர்தான்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்து அவன் சொன்ன 2014 கதைதான் என்னை ஒரு வாரமாகத் தூங்க விடவில்லை.

அந்த வருஷம் ரஷ்யாவின் சோச்சியில் போட்டி. நம் அணியில் மூன்று பேர். சிவ கேசவன், பனிச்சறுக்கு வீரர் ஹிமான்ஷு தாக்கூர், நெடுந்தூரப் பனிச்சறுக்குக்கு நதீம் இக்பால். ஆனால் பிப்ரவரி 7ஆம் தேதி தொடக்க விழா அணிவகுப்பில் மூவர்ணக் கொடி இல்லை. ஐந்து வளையம் போட்ட ஒலிம்பிக் கொடிக்குப் பின்னால் நடந்தார்கள். இந்தியா என்ற பெயரும் இல்லை, 'சுயேச்சைப் பங்கேற்பாளர்கள்' என்றுதான் பதிவு.

அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத் தேர்தல் முறைப்படி நடக்கவில்லை, அரசுத் தலையீடு இருக்கிறது என்று சொல்லி, 2012 டிசம்பரிலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நம் சங்கத்தை இடைநீக்கம் செய்துவிட்டது. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவானவர்கள் பதவிக்கு நிற்கக் கூடாது என்று விதியைத் திருத்தச் சொன்னார்கள். அதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் மறுதேர்தல் வைத்த தேதி பிப்ரவரி 9. தொடக்க விழா முடிந்து ரெண்டாம் நாள்!

கேசவனின் போட்டி பிப்ரவரி 8, 9. இங்கே நாற்காலிக்கு ஓட்டுப் போட்ட அன்றைக்கு, அங்கே அவர் ஓட்டமே முடிந்துவிட்டது. 37ஆவது இடம். அதற்கு முன் பயிற்சியில் ஒரு வளைவில் வண்டியிலிருந்து விழுந்து, ஓடுகிற வண்டியை விடாமல் பிடித்து ஏறி, மறுபடி படுத்துக்கொண்டு போனார். அந்த வீடியோவையும் பார்த்தேன். அப்படிப்பட்ட ஆளுக்குக் கொடி இல்லை.

பிப்ரவரி 11ஆம் தேதி தடை நீங்கியது. ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் தடையை நீக்கியது அதுதான் முதல் தடவையாம். விளையாட்டுக் கிராமத்தில் நம் கொடியை ஏற்றினார்கள். மற்ற ரெண்டு பேருக்கும் போட்டி அதற்குப் பிறகுதான் என்பதால் இந்தியா பெயரிலேயே இறங்கினார்கள். கேசவனுக்கு மட்டும் ரெண்டு நாள் தவறிவிட்டது.

பையன் போனை அணைத்துவிட்டு வரப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நம்ம கபடி மாதிரியே இருக்குதுல்ல மாமா."

எனக்குச் சுருக்கென்றது.

மூணு வருஷத்துக்கு முந்தின பொங்கல். எங்கள் ஊர் மன்றம் கணக்கு வழக்குச் சண்டையில் ரெண்டாக உடைந்து கிடந்தது. ரெண்டு தலைவர், ரெண்டு ரசீதுப் புத்தகம். பக்கத்து ஊரில் கபடி நடத்தியவர்கள், "யாரு தலைவருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் ஊர் பேர்ல சேர்க்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். பசங்க வெறும் வெள்ளை பனியன் போட்டுக்கொண்டு போனார்கள். மைக்கில் 'நண்பர்கள் அணி' என்று கூப்பிட்டார்கள். அரையிறுதி வரை வந்தார்கள். ஒவ்வொரு தடவை பாடிப் போனபோதும் கைதட்ட ஊர் இருந்தது, சொல்ல ஊர்ப் பேர் இல்லை.

மாசியில் ஊர் கூடிச் சமாதானமாகி, பெயர் போட்ட பனியன் தைத்தோம். அதற்குள் அக்கா மகன் திருப்பூர் கம்பெனிக்குப் போய்விட்டான். அந்தப் பனியனை அவன் போடவே இல்லை.

அந்த ரெண்டு கோஷ்டியில் ஒன்றில் நானும் இருந்தேன். நியாயம் என் பக்கம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் கணக்கில் நான் சொன்னது சரிதான். ஆனால் களத்தில் இறங்கியது நான் இல்லையே. பொங்கல் முடிகிற வரைக்குமாவது விட்டுக்கொடுத்திருக்கலாம். அதைத் தம்பிக்காரனிடம் சொல்கிற மாதிரி அவனிடம் சொல்லவும் இத்தனை நாள் வாய் வரவில்லை.

கேசவன் நாலு வருஷம் காத்திருந்தார். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில், 36 வயதில், தொடக்க விழாவில் மூவர்ணக் கொடியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். அதுதான் அவருக்குக் கடைசி ஒலிம்பிக்.

"இந்தப் பொங்கலுக்கு வாடா. அந்தப் பனியன் பீரோவுலதான் இருக்குது. அன்னிக்கு நாங்க பண்ணுனது தப்புதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "முட்டி வலி மாமா, முன்ன மாதிரி பாடிப் போக முடியாது" என்றான். பிறகு, "சைஸ் பத்துமான்னு பாக்கணும்" என்றான்.

அதற்குள் கரண்ட் போய்விட்டது. கடைசி ரெண்டு பாத்திக்குத் தண்ணி பாயவில்லை.